ஆறு கைபேசிகளும் ஒரு கம்பி வேலியும்

பதினாறு நிமிடத்துக்குள் ஐம்பத்தைந்து நிமிடத்தை எப்படி அடைப்பது? மூன்று வாரமாக கார்லிஸ் டாக்கெட்டின் மண்டையைக் குடைந்துகொண்டிருந்த கேள்வி இதுதான்.

பதினாறு எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிட வேண்டும். கோழி ஆலையில் முதல் ஷிஃப்டுக்கு மதிய இடைவேளை பதினொன்றரையிலிருந்து பன்னிரண்டு வரை. அரை மணி நேரம் என்று சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டியவர் ஒருநாளும் கத்தி பிடித்து நின்றவர் அல்ல. மணி அடித்ததும் கத்தியைக் கழுவி, எண் போட்ட தட்டில் வைக்க வேண்டும். ரப்பர் கையுறை, அதற்கு உள்ளே கம்பிக் கையுறை, பிளாஸ்டிக் ஏப்ரன், தலைவலை, காதடைப்பான் என்று ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். பிறகு கை கழுவும் வரிசை. பிறகு லாக்கர். ஆலைக்குள் கைபேசி கூடாது என்பதால் அது லாக்கரில்தான் கிடக்கும். அதை எடுத்துக்கொண்டு வெளியே வரும்போது மணி பதினொன்று முப்பத்தெட்டு. போட்டதையெல்லாம் மறுபடி மாட்டிக்கொண்டு, கோழிகளைக் கொண்டுவரும் பட்டை நகர்வதற்குள் இடத்தில் நிற்க வேண்டுமானால் பதினொன்று ஐம்பத்துநாலுக்குத் திரும்பி நடக்க வேண்டும். நடுவில் மிஞ்சுவது பதினாறு நிமிடம். சாப்பாடும் கழிப்பறையும் அதற்குள்தான்.

ஐம்பத்தைந்து என்பது மாநில உதவி அலுவலகத்தின் தொலைபேசியில், ஓர் அதிகாரியின் குரல் கேட்கும்வரை காத்திருக்க வேண்டிய நேரம். சில நாள் நாற்பது, சில நாள் எழுபது. கார்லிஸ் தெரிந்தவர்களிடம் கேட்டு எழுதி வைத்துப் பார்த்ததில் நடுவாக ஐம்பத்தைந்து வந்தது.

வருடத்துக்கு ஒருமுறை அட்டைகளைப் புதுப்பிக்க வேண்டும். அவளிடம் இருந்தவை இரண்டு: வீட்டுக்கு ஓர் உணவு அட்டை, ஏழு வயது மகள் மேலீக்கு ஒரு மருத்துவ அட்டை. இரண்டும் ஒரே கோப்பு. காகிதங்களை இணையதளத்தில் ஏற்றிவிடலாம். அதை அவள் செப்டம்பரிலேயே செய்துவிட்டாள். ஆனால் தொலைபேசியில் ஒரு நேர்காணல் முடிந்தால்தான் கோப்பு நகரும். நேர்காணலுக்கு அலுவலகமே கூப்பிடும் என்று கடிதம் வந்தது. செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது பத்து. வேலை செய்கிறவர்களுக்கே உதவி என்று எல்லா மேடையிலும் முழங்குகிறவர்கள், வேலை செய்கிறவர்கள் வேலை செய்யும் நேரமாகப் பார்த்துக் கூப்பிட்டார்கள். கைபேசி லாக்கரில் அடித்து ஓய்ந்தது. நான்காம் நாள் இன்னொரு கடிதம்: 'நீங்கள் நேர்காணலில் கலந்துகொள்ளவில்லை. அக்டோபர் முப்பத்தொன்றுக்குள் எங்களை அழைத்து முடிக்காவிட்டால் கோப்பு மூடப்படும்.'

மேலீக்குச் சர்க்கரை நோய். பிறவியிலேயே கணையம் சோம்பேறி என்று டாக்டர் விளையாட்டாகச் சொல்வார். குளிர்பெட்டியில் வெண்ணெய்க்குப் பக்கத்தில் இருந்த இன்சுலின், நவம்பர் மூன்றாம் தேதி காலை வரைக்கும் வரும். அடுத்ததை ஒன்றாம் தேதி மருந்துக்கடையில் வாங்க வேண்டும். கோப்பு மூடப்பட்டால் கடையின் கணினி இல்லை என்று சொல்லிவிடும்.

ஒருநாள் விடுப்பு எடுத்தால் என்ன என்று கேட்பவர்கள் கோழி ஆலையில் வேலை பார்த்ததில்லை. அங்கே விடுப்பு கிடையாது, புள்ளிதான் உண்டு. வராத நாளுக்கு ஒரு புள்ளி. ஏழு சேர்ந்தால் வேலை போய்விடும். கார்லிஸுக்கு ஆறு இருந்தது. அதில் நான்கு, மேலீ ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்கள். மூன்றரைக்கு ஷிஃப்ட் முடிந்து கூப்பிடலாம் என்றால், மூன்று மணிக்கு மேல் இயந்திரக் குரல், "தற்போது அழைப்புகள் அதிகம், வேறொரு நாள் முயலுங்கள்" என்று சொல்லிவிட்டு இணைப்பை வெட்டிவிடும். நேரில் போகலாமென்றால் அவர்கள் ஊரான டெலிங்கரில் இருந்த கிளையை இரண்டு வருடத்துக்கு முன் மூடிவிட்டார்கள். 'உங்களுக்கு இன்னும் நெருக்கமாகச் சேவை செய்ய' என்று கதவில் எழுதிப் பூட்டியிருந்தார்கள். அடுத்த அலுவலகம் மலைப்பாதையில் நாற்பத்து மூன்று மைல். நான்கே காலுக்கு அதன் கதவும் சாத்தப்படும்.

ஆகவே பதினாறு நிமிடம். அவ்வளவுதான் அவளிடம் இருந்தது.

முதல் யோசனையை அவளே கண்டுபிடித்தாள். ஒன்பதே காலுக்குக் கழிப்பறைக்குப் போக அனுமதி வாங்கி, லாக்கரைத் திறந்து, அலுவலகத்தின் எண்ணை அழுத்தி, காத்திருப்பு இசையைத் தனியாக ஓடவிட்டுப் பூட்டிவிட்டு வந்தாள். எழுபது நிமிடம், எண்பது நிமிடம் என்று எவ்வளவு இழுத்தாலும் இடைவேளைக்குள் வரிசையின் தலைக்கு வந்திருக்கும் அல்லவா? வந்தது. பத்தே காலுக்கே வந்துவிட்டது. அதிகாரி எடுத்து மூன்று முறை ஹலோ சொல்லி, ஒரு ஜோடி பழைய செருப்பும் மழைச்சட்டையும் பதில் சொல்லாததால் வைத்துவிட்டார்.

அன்று இடைவேளையில், பட்டையில் அவளுக்குப் பக்கத்தில் நிற்கும் ஒஃபீலியா ரெசெண்டிஸ் சிரித்ததில் கையிலிருந்த சோளரொட்டி உதிர்ந்தது. ஒஃபீலியாவுக்கு ஐம்பது வயது, மணிக்கட்டு இரண்டிலும் வலிக்குக் கட்டிய பட்டி. கார்லிஸை 'மீஹா' என்றுதான் கூப்பிடுவாள், ஸ்பானிஷில் மகளே என்று.

"லாக்கர்கிட்ட நேர்காணல் நடத்திருக்காங்க மீஹா. வருமானம் எவ்ளோன்னு கேட்டாங்களா அதுகிட்ட?"

"சிரிங்க. உங்களுக்கு நவம்பர் பதினஞ்சு வரைக்கும் நேரம் இருக்குல்ல."

"எனக்கும் இதே லாக்கர்தான, இதே பாட்டுதான். உன்னத்தான் முதல்ல அனுப்பிப் பாக்கறேன்."

ஆலை வாசலுக்கு எதிரே சாலையைத் தாண்டினால் ஹோபார்ட் பெட்ரோல் நிலையம். அதன் கடைக்குள் காபி இயந்திரத்தின் அருகே ஒரு மேசை. காலை ஆறு மணியிலிருந்து நான்கு கிழவர்கள் அதில் உட்கார்ந்திருப்பார்கள். நாட்டை நடத்தும் பொறுப்பை யாரோ அவர்களிடம் விட்டுவிட்டுப் போனதுபோல் இருக்கும். தலைவர் வெர்ஜில் சிஸ்க். நாற்பத்தொரு வருடம் லாரி எஞ்சின் பிரித்தவர். கார்லிஸ் தினமும் ஷிஃப்டுக்கு முன் அங்கே காபி வாங்குவாள். அவள் காதில் விழும்படி அவர் எதையாவது சொல்லாத நாளே இல்லை.

"டிவில சொன்னான். சாப்பாட்டு அட்ட வச்சிருக்கறவன்ல பாதிப் பேரு வேலைக்கே போறதில்லையாம்."

"அப்படியா மிஸ்டர் வெர்ஜில்? நான் ஆறரைக்கு உள்ள போறேன். நீங்க எங்க போறீங்க?"

"நான் உழைச்சு முடிச்சவன் பொண்ணே. உக்காரறது என் உரிமை."

"உக்காருங்க. அந்த நாற்காலிக்குதான் யாராவது ஓய்வூதியம் குடுக்கணும்."

மாதத்தின் கடைசிச் செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தரைக்கு, நூலகத்தில் ஒரு கூட்டம். மக்களின் குறைகளைக் கேட்க உதவி அலுவலகத்தின் வட்டார மேலாளர் வருகிறார் என்று துண்டுச்சீட்டு ஒட்டியிருந்தார்கள். கார்லிஸ் மேலீயையும் அழைத்துக்கொண்டு போய் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தாள். மேலாளரின் பெயர் ஹாலிஃபீல்ட். தட்டையான குரல், நல்ல சட்டை. கேட்க வந்தவர் நாற்பது நிமிடம் தானே பேசினார். திரையில் வட்டப் படங்களைக் காட்டினார். ஒரு படத்தில் பச்சை நிறத்தில் பெரிதாக எழுதியிருந்தது: சராசரிக் காத்திருப்பு, பதினோரு நிமிடம்.

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். கார்லிஸ் கையைத் தூக்கினாள்.

"சார், சாயந்திரத்துல கூப்பிட்டா அழைப்பு அதிகம்னு சொல்லிட்டு வெட்டிவிடுதே. அந்த அழைப்ப எந்தக் கணக்குல வைக்கறீங்க?"

"அவங்க காத்திருக்கலயே மேடம். அதனால காத்திருந்த நேரம் சைபர்."

"அதுவும் சராசரில சேருமா?"

"எல்லா அழைப்பும் சேரும். ஒண்ணையும் விடறதில்ல."

கார்லிஸுக்கு அந்த நிமிடமே விளங்கியது. விளங்கியதில் அவளுக்கு ஒரு கோணலான ரசனைகூட உண்டானது. ஐந்து பேர் கூப்பிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேரை வெட்டிவிடுகிறார்கள், நான்கு சைபர். ஒருவர் ஐம்பத்தைந்து நிமிடம் காத்திருக்கிறார். ஐம்பத்தைந்தை ஐந்தால் வகுத்தால் பதினொன்று. அழகான பச்சை. இன்னும் இரண்டு பேரை வெட்டினால் எண் இன்னும் அழகாகும். எல்லோரையும் வெட்டிவிட்டால் உலகத்திலேயே சிறந்த சேவை.

"நல்ல கணக்கு சார்," என்றாள். "எங்க ஆலைல, கீழ விழுந்த கோழிய எடையில சேத்தா வேலைய விட்டுத் தூக்கிருவாங்க."

சிரிப்பு அடங்கும்வரை ஹாலிஃபீல்ட் தண்ணீர் குடித்தார்.

"இன்னொண்ணு. நான் மூணு வாரமா கூப்பிடறேன். ஒருதடவ ஒரு மணி நேரம் லாக்கர்ல ஓடிட்டு இருந்துச்சு. முயற்சி பண்ணேன்னு உங்க கம்ப்யூட்டர்ல இருக்குமா? அத வச்சு பத்து நாள் தள்ளிக் குடுப்பீங்களா?"

"மன்னிக்கணும். அதிகாரி எடுக்கற வரைக்கும் யார் கூப்பிடறாங்கன்னு எங்க சிஸ்டம் பதிவு பண்றதே இல்ல. எண்ணும் இல்ல, பேரும் இல்ல. அது உங்க அந்தரங்கத்துக்காக நாங்க எடுத்த முடிவு." அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பெருமிதமே தெரிந்தது. "வரிசையில இருக்கறது யாருன்னு எங்களுக்குத் தெரியாது மேடம். தெரிஞ்சுக்க விரும்பவும் இல்ல."

"அது எங்களுக்கு முன்னாலயே தெரியும் சார்," என்றாள் கார்லிஸ்.

வீட்டுக்கு வந்து மேலீயின் விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்தாள். சர்க்கரை எண் சரியாக இருந்தது. பீன்ஸும் சோளரொட்டியும் தட்டில் வைத்தாள். மேலாளரின் பேச்சு அவளுக்குள் புளித்துக்கொண்டிருந்தது. தெரியாதாம், தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லையாம். கரண்டியோடு அப்படியே நின்றாள். வரிசையில் நிற்பது யார் என்று அவர்களுக்குத் தெரியாது என்றால், அது கார்லிஸாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் என்ன? அதிகாரி எடுத்த பிறகுதான் கோப்பு எண், பிறந்த தேதி எல்லாம். அதுவரை அந்தப் பாட்டை எந்தக் காதும் கேட்கலாம். பேசுவதற்குத்தான் கார்லிஸ் வேண்டும். காத்திருப்பதற்கு ஒரு ஆள் போதும், வேலையில்லாத ஆள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவள் காபி வாங்காமல் நேரே மேசைக்குப் போனாள்.

"மிஸ்டர் வெர்ஜில், நீங்க மதியம்வரைக்கும் இங்க சும்மா உக்காந்திருப்பீங்கல்ல. அதையே ஒரு போனக் காதுல வச்சிக்கிட்டு செய்ய முடியுமா?"

விஷயத்தைக் கேட்டதும் அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

"என் வரியில சாப்பிடறவங்களுக்காக நான் வேற காத்துக்கிடக்கணுமா?"

"உங்க கால்முட்டிய மாத்துனதுக்கு யாரு காசு குடுத்தா? அரசாங்கம்தான?"

"அது நான் உழைச்சுக் கட்டுன காசு."

"நானும் வரி கட்றேன், உங்க முட்டிக்கும் சேத்து. நல்லா மடங்குதுல்ல? அப்ப ரோட்டத் தாண்டி வேலிவரைக்கும் நடந்து வரலாம்."

மற்ற மூன்று பேரும் கோப்பைக்குள் பார்த்துச் சிரித்தார்கள். வெர்ஜில் முட்டியைத் தடவிக்கொண்டார். பிறகு, "அந்தப் பாட்டுதான?" என்றார். "பியானோல டிங் டிங்னு ஏறும், ஏறி நடுவுல நின்னுரும். லைன் வெச்சுட்டாங்கன்னு நெனைப்போம். மறுபடி மொதல்லேர்ந்து வரும்."

கார்லிஸ் அவரைப் பார்த்தாள். போன வருடம் அவர் மனைவி முதியோர் இல்லத்தில் இருந்து இறந்தது ஊருக்கே தெரியும். அந்த இல்லத்துக்கு யார் கட்டணம் கட்டினார்கள் என்று யாரும் கேட்டதில்லை. அவளும் கேட்கவில்லை.

"அதே பாட்டுதான்," என்றாள்.

"எத்தன மணிக்கு அடிக்கணும்?"

ஆலையின் ஓரத்தில், புகைபிடிப்பவர்களுக்கென்று ஒதுக்கிய முற்றத்தைச் சுற்றிக் கம்பி வேலி. வேலிக்கு இந்தப் பக்கம் ஆலை, அந்தப் பக்கம் பொதுச்சாலை. அங்கே வண்டியை நிறுத்திக்கொண்டு நிற்கும் கிழவரை நிர்வாகம் ஒன்றும் சொல்ல முடியாது. கம்பிகளுக்கு நடுவே ஒரு கைபேசி தாராளமாக நுழையும்.

புதன்கிழமை வெர்ஜில் பத்தரைக்கு அடித்தார். அதிகாரி பதினொன்று பன்னிரண்டுக்கே எடுத்துவிட்டார். வெர்ஜில் வண்டியில் உட்கார்ந்து கெஞ்சினாராம்: "அவ உள்ள கோழி வெட்டிட்டு இருக்கா. இருபத்தாறு நிமிஷம் பொறுங்க, கூட்டிட்டு வந்துர்றேன்." எங்களுக்கு அழைப்பைப் பிடித்து வைக்க அனுமதி இல்லை என்று பதில் வந்தது. ஐம்பத்தைந்து நிமிடம் காக்கவைக்கத் தெரிந்த அலுவலகத்துக்கு இருபத்தாறு நிமிடம் காத்திருக்கத் தெரியவில்லை.

வியாழக்கிழமை பத்து ஐம்பதுக்கு அடித்தார். கார்லிஸ் வேலியைப் பிடித்துக்கொண்டு பதினாறு நிமிடமும் நின்றாள். பியானோ ஏறியது, நின்றது, மறுபடி முதலிலிருந்து ஏறியது. பதினொன்று ஐம்பத்துநாலுக்கு அவள் திரும்பி நடந்தாள். பன்னிரண்டு மூன்றுக்கு அதிகாரி எடுத்தார்.

மீதி இருந்தது ஒரே ஒரு நாள்.

அன்று பிற்பகல் பட்டைக்கு முன் நின்றபோது அவளுக்கு ஒஃபீலியாவோடு பேசக்கூட மனமில்லை. ஆயினும் கைகள் தம் பாட்டுக்கு வேலை செய்தன. தலைக்கு மேல் கொக்கிகளில் கோழிகள் வந்துகொண்டிருந்தன. ஒன்று போனால் அடுத்தது, அது போனால் அதற்கடுத்தது. ஒரு கொக்கி காலியாக வரும், இன்னொன்றில் கோழி கோணலாகத் தொங்கும். யாரும் பதறுவதில்லை. தோளில் ஒரு வெட்டு, இறக்கையடியில் ஒரு இழுப்பு. நெஞ்சுக்கறி கையோடு வந்துவிடும். ஒரு கோழியை அவள் தவறவிட்டாள். அடுத்தாற்போல் நின்ற ஒஃபீலியா, தலையைத் திருப்பாமலே அதைப் பிடித்து வெட்டினாள்.

அப்போதுதான் தன் தவறு அவளுக்குத் தெரிந்தது. இரண்டு நாளாக அவள் ஒரே ஒரு கோழிக்காகக் காத்து நின்றிருக்கிறாள். இந்தக் கோழி, இந்த நிமிடத்தில், என் கைக்கே வர வேண்டும் என்று. பட்டையில் யாராவது அப்படி நிற்பார்களா? இது என் கோழி என்று இங்கே ஒன்று கிடையாது. கொக்கிகள் இடைவெளி விட்டு வந்துகொண்டே இருக்க வேண்டும். கத்திகள் வரிசையாக நிற்க வேண்டும். எந்தக் கோழி வந்தாலும் எந்தக் கை சும்மா இருக்கிறதோ அது வெட்டும். எப்போது வரும் என்று துல்லியமாகத் தெரிய வேண்டியதே இல்லை. போதுமான அளவு வந்தால் சரி.

மூன்றரைக்கு அவள் ஏப்ரன் ஈரத்தோடு சாலையைத் தாண்டினாள்.

"ஒரு போன் போதாது," என்றாள் மேசையிடம். "ஆறு வேணும். ஆறையும் ஒரே நேரத்துல அடிக்கக் கூடாது. ஆறு நிமிஷத்துக்கு ஒண்ணு."

"யாருக்காக அடிக்கறது?" என்று கேட்டார் வெர்ஜில்.

"யாருக்காகவும் இல்ல. அதான் விஷயமே. எடுத்தப்புறம் பாத்துக்கலாம் யாருக்குன்னு."

வெர்ஜில் காகிதக் கைக்குட்டையை விரித்து அதில் ஆறு கோடு போட்டார். ஆறு சிலிண்டர் எஞ்சினில் தீப்பொறி ஆறிலும் ஒன்றாக வராது, ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வரும் என்று மற்ற மூன்று பேருக்கும் விளக்க ஆரம்பித்தார். அவர்கள் கேட்காமலே தலையாட்டினார்கள். கார்லிஸுக்குச் சிரிப்பு வந்தது. மனிதர் இப்போதுதான் விழித்துக்கொண்டார்.

"இடைவேளைக்கு முன்னாலயே எடுத்துட்டா? புதன்கிழமை மாதிரி?"

"அதுக்கு ஆள் இருக்கு. ரெண்டாவது ஷிஃப்ட்ல ரெண்டு பேருக்கு இதே நேர்காணல் பாக்கி. அவங்களுக்கு நாலு மணிக்குதான் வேலை. காகிதத்தோட இங்க வந்து உக்காரச் சொல்லிட்டேன். சீக்கிரம் வந்தது அவங்களுக்கு. நேரத்துல வந்தது வேலிக்கு."

"அப்ப என்னோட போன்ல வந்தது உனக்குன்னு இல்ல?"

"இல்ல. நீங்க பிடிச்ச எடம் உங்களோடதும் இல்ல, என்னோடதும் இல்ல."

அது அவருக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை, அக்டோபர் முப்பத்தொன்று. அன்று ஹாலோவீன் என்பதால் கடைக்காரர் வாசலில் பூசணிக்காய்க்குக் கண் வெட்டி வைத்திருந்தார். பத்தரைக்கு முதல் கைபேசி. பத்து முப்பத்தாறுக்கு இரண்டாவது. இப்படியே பதினொரு மணிக்கு ஆறாவது. நான்கு கிழவர்களுடையவை நான்கு, இரண்டாம் ஷிஃப்ட்காரர்களுடையவை இரண்டு. இரண்டு முறை இயந்திரம் வெட்டியது. வெட்டிய கையோடு மறுபடி அடித்தார்கள். ஆறு கைபேசிகளிலிருந்தும் ஆறு வெவ்வேறு இடத்தில் பியானோ ஏறிக்கொண்டிருந்தது. கேட்கச் சகிக்கவில்லை என்று கடைக்காரர் வானொலியைக் கூட்டி வைத்தாராம்.

பதினொன்று பதினேழுக்கு ஒருவரின் கைபேசியில் அதிகாரி எடுத்தார். அது இரண்டாம் ஷிஃப்டின் முதல் ஆளுக்குப் போனது. பதினொன்று இருபத்தொன்பதுக்கு இன்னொன்று, அது அடுத்தவருக்கு. மீதி நான்கையும் ஏந்திக்கொண்டு கிழவர்கள் சாலையைத் தாண்டினார்கள். நிரம்பிய காபிக் கோப்பைகளைச் சிந்தாமல் கொண்டுபோகிற நடை.

முப்பத்தெட்டுக்குக் கார்லிஸ் வேலிக்கு வந்தாள். பின்னால் ஒஃபீலியாவும், இதே நேர்காணல் பாக்கியிருந்த இன்னும் மூன்று பேரும். யார் முதலில் என்பதை அவர்கள் காலையிலேயே பேசி முடித்திருந்தார்கள்: கெடு முந்தியவர் முதலில். நாற்பத்தொன்றுக்கு, வெர்ஜிலுடையது அல்லாத ஒரு கைபேசியில் பியானோ சட்டென்று நின்றது. ஒரு பெண் குரல், "உதவி அலுவலகம், ட்ரீனா பேசறேன்," என்றது. கைபேசி கம்பிக்குள் நுழைந்து வந்தது.

கோப்பு எண், பிறந்த தேதி, வீட்டில் எத்தனை பேர், வாடகை எவ்வளவு, மணிக்கு என்ன சம்பளம், குழந்தையின் நோய். கார்லிஸ் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். மூன்று வாரமாகக் குளியலறையில் ஒத்திகை பார்த்த பதில்கள்.

"ரெண்டு தடவ நீங்க பதில் சொல்லலன்னு போட்டிருக்கு," என்றாள் ட்ரீனா.

"மொத தடவ நான் வேலைல இருந்தேன். ரெண்டாவது தடவ நீங்க என் செருப்புகிட்ட பேசிட்டு வச்சுட்டீங்க."

"அது நான்தான்னு நெனைக்கறேன்," என்றாள் ட்ரீனா தணிந்த குரலில். "ஹலோ ஹலோன்னு சொன்னேன். இன்னிக்கு மட்டும் நீங்க அறுபத்திரண்டாவது ஆள் மேடம்." பிறகு விசைப்பலகையின் சத்தம். "சரி. முடிஞ்சுது. ரெண்டும் ஒரு வருஷத்துக்கு. உறுதி எண் எழுதிக்கறீங்களா?"

பேனா இல்லை. வெர்ஜில் வேலிக்கு அந்தப் பக்கம் தன் புறங்கையில் எழுதினார். ஒன்பது இலக்கம், மணிக்கட்டைத் தாண்டி ஏறியது.

பதினொன்று ஐம்பத்து மூன்று. பக்கத்தில் ஒஃபீலியா இன்னொரு கைபேசியில் தன் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், சீக்கிரம் என்று கையால் சைகை காட்டியபடி. கார்லிஸ் சாப்பிடாமலே உள்ளே ஓடினாள். ஒஃபீலியா பட்டை நகர்ந்து நாற்பது விநாடி கழித்து வந்தாள். அந்த நாற்பது விநாடியில் வந்த கோழிகளைக் கார்லிஸ் இரண்டு பேருக்குமாகச் சேர்த்து வெட்டினாள்.

சனிக்கிழமை மருந்துக்கடையின் கணினி ஒன்றும் கேட்கவில்லை. இன்சுலின் குளிர்பெட்டியில் வெண்ணெய்க்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

திங்கட்கிழமை காலை ஹோபார்ட் கடைக்கு ஏழு பேர் காகிதத்தோடு வந்திருந்தார்கள். மேசை போதவில்லை. வெர்ஜில் யாரையும் கேட்காமல் தன் வண்டியிலிருந்து இன்னொரு மேசையை இறக்கினார். ஹாலிஃபீல்டின் வட்டப் படத்தில் எண் இன்னும் பச்சையாகவே இருக்கும் என்று கார்லிஸுக்குத் தெரியும். அலுவலகம் எதையும் திருத்தவில்லை, திருத்தப் போவதுமில்லை. அவள் முட்டை அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து, கறுப்பு மையால் எழுதி, காபி இயந்திரத்துக்கு மேல் ஒட்டினாள்:

'வரிசையில் நிற்பது யார் என்று அலுவலகத்துக்குத் தெரியாது. ஆகவே யார் வேண்டுமானாலும் நிற்கலாம். பத்தரையிலிருந்து ஆறு நிமிடத்துக்கு ஒரு போனாக, ஆறு போனில் அடிக்கவும். வெட்டினால் உடனே மறுபடி அடிக்கவும். பதினொன்று முப்பத்தெட்டுக்கு முன் எடுத்தால் இங்கே உட்கார்ந்திருப்பவருக்கு. அதற்குப் பிறகு எடுத்தால் வேலியில் நிற்பவருக்கு. கெடு முந்தியவர் முதலில்.'